நோட்டின் இரண்டாம் பக்கம்

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் இரண்டே வரிகள். ஒரு வீட்டின் விலை, அதற்குக் கிடைக்கும் மாத வாடகை. வாடகையை 12-ஆல் பெருக்கி, விலையால் வகுத்து, "5 சதவீதம்" என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைக்கிற எல்லாரும் முதலில் போடும் கணக்கு அதுதான். அதோடு நிறுத்திக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். மாதா மாதம் தவணைத் தேதி நெருங்கும்போது அவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுட்டா, வாடகையே கடனை அடைச்சிடும் இல்லையா?" என்று கேட்டாள். முதல் பத்து வருடம் அடைக்காதுடா, உன் சம்பளமும் சேர்ந்துதான் அடைக்கும் என்றேன். ஏமாந்துபோனாள் என்று குரலிலேயே தெரிந்தது. அதனால் நோட்டின் இரண்டாம் பக்கத்தை அவளுக்காக இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. 19 வருடமாக ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த வீட்டுக்குப் போவதற்கு முன் 14 வருடத்தில் 7 வாடகை வீடுகளில் குடியிருந்தவள். வாடகைக்கு விடும் வீட்டை வாங்கி இப்போது 6 வருடம் ஆகிறது. ஒரே ஒரு வீடுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றும் அந்த ஏழும் கற்றுக்கொடுத்ததுதான்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எந்தப் பணத்திலும் கணக்கு நிற்கும். நாங்கள் முதலில் பார்த்தது புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடி வீடு. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. வருட வாடகை 5 வரும் என்றார்கள். கையிலிருந்து 25 போட்டு, வங்கியில் 75 கடன். 8 சதவீத வட்டி, 20 வருடம். இதற்கு ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய தவணை மொத்தம் 7.5. வாடகை 5, தவணை 7.5. இன்னும் ஒரு செலவும் செய்யாமலே ஒவ்வொரு வருடமும் 2.5 குறைகிறது.

அப்புறம் செலவுகள். பதிவுக் கட்டணம், முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர், புரோக்கர், குடிவைக்கும் முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் என்று 8 ஆகும் என்று கணக்கு வந்தது. ஆக வீட்டின் உண்மையான விலை 108. அடுத்தது வாடகை. வருடத்துக்கு 12 மாதமும் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று எண்ணவே கூடாது. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 11 மாதம் என்று போட்டேன். 5 என்பது 4.6 ஆனது. அதிலிருந்து அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கான மாதப் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு, பழுது என்று 1.3-ஐக் கழித்தேன். மிஞ்சியது 3.3. அதை 108-ஆல் வகுத்தால் 3 சதவீதம். நான் வட்டம் போட்ட 5 இப்படித்தான் 3 ஆனது. தவணைக்கும் இதற்கும் இடையில் உள்ள 4.2-ஐ ஒவ்வொரு வருடமும் என் சம்பளத்திலிருந்து போட வேண்டும். அந்த நீச்சல் குளத்துக்கும் பராமரிப்புக் கட்டணத்தில் பங்கு உண்டு என்பதை அன்றுதான் யோசித்தேன்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

பிறகு நாங்கள் வாங்கியது 20 வருடப் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு சின்ன படுக்கையறை. அதே கணக்கில் அதன் விலை 60, வருட வாடகை 4.2. பதிவு, வழக்கறிஞர், குழாய் மாற்றியது, பெயின்ட் எல்லாம் சேர்ந்து 7. கடன் 35 மட்டும் வாங்கினோம். கையிலிருந்து போனது 32. புது வீடாக இருந்திருந்தால் 33 போயிருக்கும். கிட்டத்தட்ட அதே பணம்தான். இங்கே 11 மாத வாடகை 3.85. செலவு 1. மிஞ்சுவது 2.85. அது 67-க்கு 4.25 சதவீதம். வருடத் தவணை 3.5. ஆக ஆண்டுக்குக் கையிலிருந்து போட வேண்டியது 0.65 மட்டும். இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய கட்டடம், படியேற வேண்டும், பார்க்க அழகில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு ஒரு கெட்ட வருடம் வந்தாலும் எங்கள் வீட்டுச் செலவு நிற்காது. அதுதான் முடிவு செய்தது.

கடனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 20 வருடக் கடனில் முதல் வருடம் கட்டும் தவணையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகிறது. அசல் மெதுவாகத்தான் கரையும். இது ரகசியம் ஒன்றுமில்லை, வங்கி கொடுக்கும் அட்டவணையிலேயே மாதவாரியாக இருக்கும். யாரும் இரண்டாம் தாளைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான். விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். 100-க்கு வாங்கிய வீட்டில் 75 கடன் என்றால், விலை 10 சதவீதம் இறங்கியதும் நம் 25, 15 ஆகிவிடும். வீட்டுக்கு 10 சதவீதம் இறக்கம், நம் பணத்துக்கு 40 சதவீதம். ஏறும்போதும் இதே கணக்குதான் நமக்குச் சாதகமாக வேலை செய்யும். அதனால்தான் ஏற்றத்தை மட்டும் சொல்லி விற்கிறார்கள்.

"வீட்டு விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்று அண்ணன் மகளும் சொன்னாள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஹெரன்கிராக்ட் என்ற கால்வாய்த் தெரு இருக்கிறது. அந்தத் தெரு வீடுகள் 1628 முதல் 1973 வரை கைமாறிய விலைகளை ஆராய்ந்தார் பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர். அந்த 345 வருடத்தில், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், வீட்டு விலை இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. அதாவது வருடத்துக்குக் கால் சதவீதம்கூட இல்லை. நல்ல ஊரில், நல்ல தெருவில், தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த வீடுகளுக்கே இது. அதேபோல 1870 முதல் 2015 வரை 16 நாடுகளின் கணக்கைத் திரட்டிய இன்னோர் ஆய்வு உண்டு. வீடு நீண்ட காலத்தில் பங்குச் சந்தைக்கு இணையாகவே வருமானம் தந்திருக்கிறது என்று அது சொல்கிறது. ஆனால் விலைவாசியைக் கழித்தால் அந்த வருமானத்தில் பெரும் பங்கு வாடகையிலிருந்து வந்தது. இது நாடு முழுக்கச் சராசரி. நாம் வாங்குவது சராசரியை அல்ல, ஒரே ஒரு வீட்டை. நடுவில் சில பத்தாண்டுகள் விலை பறந்திருக்கலாம். என் நோட்டில் விலையேற்றத்துக்கு ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டாலும் நிற்கிற வீடாக இருக்க வேண்டும்.

ஆகவே எல்லாம் வாடகையில்தான் போய் நிற்கிறது. வாடகை எங்கிருந்து வருகிறது? ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருக்கிறார்: வீடு தானாக எதையும் விளைவிப்பதில்லை, குடியிருப்பவர் தன் வேறு வருமானத்திலிருந்துதான் வாடகையைக் கொடுக்க வேண்டும். நான் வீட்டில் முதலீடு செய்யவில்லை, முகம் தெரியாத ஒருவருடைய சம்பளத்தை நம்பிப் பணம் போட்டிருக்கிறேன் என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த ஒருவர் எங்கே குடியிருக்க விரும்புவார், எத்தனை வருடம் இருப்பார் என்பதுதான் உண்மையான கேள்வி. இந்த இடத்தில் 14 வருடம் வாடகைக்கு இருந்தது எனக்குக் கைகொடுத்தது.

வீடு பார்க்கப் போகும்போது நான் முதலில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவேன். தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பேன். சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். ஓதம் இருந்தால் முதலில் அங்கேதான் வாசம் வரும். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போய்ப் பார்ப்பேன், காரில் போக மாட்டேன். வேலை முடிந்து பையோடு வருகிற ஒருவர் அந்தத் தெருவில் இருட்டிய பிறகு தனியாக நடப்பாரா? கட்டடத்தின் காவலாளியிடம் ஒரே கேள்வி கேட்பேன்: "இங்க ஆளுங்க எத்தனை வருஷம் இருக்காங்க?" புரோக்கர் சொல்லாததெல்லாம் அந்தப் பதிலில் இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் எனக்கு ஒரு அடி விழுந்தது. குளியலறைக்கு வெளியே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. மற்ற மூன்று சுவரும் பழசு. கண்ணில் பட்டது, ஆனால் கேட்கவில்லை. வீடு பிடித்துப்போன அவசரம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் உப்பி, பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. மாடி வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து ஒழுகல். விற்றவருக்கு அது முன்பே தெரியும் என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். மாடி வீட்டு உரிமையாளரிடம் பேசி, தரையைப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சு பூசி, எங்கள் சுவரைச் சரிசெய்து முடிக்க ஆறு வாரம் ஆனது. அந்த நேரத்தில் குடியிருந்தவரிடம் இரண்டு மாத வாடகை வாங்கவில்லை. அவருடைய குழந்தைக்கு இருமல் விடாமல் இருந்தது. வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது யாராவது என்னை வீடு பார்க்கக் கூட்டிப்போனால் புதுப் பெயின்ட் அடித்த சுவரின் மேல்தான் முதலில் கை வைப்பேன்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வில்லங்கம் பார்க்க நீங்களே தேடிப் பிடித்த வழக்கறிஞரிடம் போங்கள், விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் ஆளிடம் வேண்டாம். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதால் பத்திரம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். வங்கி பார்ப்பது தன் பணத்தின் பாதுகாப்பை. வாடகை வருமானத்துக்கு எவ்வளவு வரி, எந்தச் செலவைக் கழிக்கலாம் என்பதை வாங்கும் முன்பே வரி தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் கணக்கையும் கேளுங்கள். பொது நிதியில் பணமே இல்லாத பழைய கட்டடத்தில், அடுத்த பெரிய பழுதுக்கு எல்லா உரிமையாளர்களும்தான் பங்கு போட வேண்டியிருக்கும்.

இனி நான் அதிகம் பேச விரும்புவது குடியிருப்பவரைப் பற்றி.

முதல் முறை ஆள் வைத்தபோது, கேட்ட வாடகைக்கு மேலே கொடுக்கிறேன் என்று சொன்னவருக்கே கொடுத்தேன். வேறெதுவும் விசாரிக்கவில்லை. ஆறாவது மாதம் அவருக்கு வாடகை கட்ட முடியவில்லை, காலி செய்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு வீடு ஒன்றரை மாதம் காலி. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பெயின்ட், சுத்தம் செய்தது எல்லாம் இன்னொரு மாத வாடகை. ஆக ஓர் ஆள் போய் இன்னோர் ஆள் வர எனக்கு மூன்றரை மாத வாடகை செலவானது. இந்த எண்ணை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். நல்லபடியாக இருக்கும் ஒருவரிடம் வாடகையை 10 சதவீதம் ஏற்றினால் வருடத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1.2 மாத வாடகை. அந்த ஏற்றத்தால் அவர் காலி செய்துவிட்டால், போன மூன்றரையைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். இப்போது குடியிருப்பவர்களுக்கு நான் வாடகையை ஏற்றுவது உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் என்ன கிடைக்கிறதோ அதற்கு ஒரு படி கீழேதான் வைப்பேன், இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவேன்.

ஆள் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு. வாடகை அவர்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? இப்போது இருக்கும் வீட்டுக்கு முந்தின வீட்டு ஓனர் என்ன சொல்கிறார்? இப்போதைய ஓனரிடம் கேட்பதால் பலன் குறைவு. தொல்லை தருபவரை அனுப்பிவிட நினைக்கிறவர் நல்லவிதமாகத்தான் சொல்லுவார். அதற்கு முந்தினவருக்குச் சொல்வதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. உண்மை அங்கேதான் வரும். இவை தவிர வேறெதையும் நான் கேட்பதில்லை. கல்யாணம் ஆவதற்கு முன் தனியாக இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு மூன்று இடத்தில் வீடு இல்லை என்றார்கள். கையில் அட்வான்ஸ் பணத்தை வைத்துக்கொண்டு படியிறங்கிய அந்த மாலைகளை நான் மறக்கவில்லை. என் வீட்டுப் படியில் அப்படி ஒருவரும் இறங்கக் கூடாது.

குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாக வீடியோ எடுப்போம். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, மீட்டர் எண், சாவி எத்தனை என்று எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன், தொடுவதில்லை. அது அவர்கள் பணம். நான்காவது வாடகை வீட்டைக் காலி செய்தபோது ஆணி ஓட்டைகளைக் காட்டி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதே வீட்டு ஓனர், நாங்கள் இல்லாத நேரத்தில் தன் சாவியால் திறந்து உள்ளே வந்து போவார். அடுக்களையில் ஒரு டம்ளர் இடம் மாறியிருக்கும், எனக்கு உடம்பு கூசும். ஓர் ஆளுக்கு அது வீடு என்பதை ஓனர் மறந்துவிட்டால், அந்த ஆள் அடுத்த வீடு தேட ஆரம்பித்துவிடுவார். நான் தேடினேன். என் வீட்டுக்குப் போவதென்றால் ஒரு நாள் முன்பே கேட்டுவிட்டுத்தான் போவேன்.

பழுதுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. வீட்டில் தேய்ந்துபோகும் ஒவ்வொரு பொருளின் பெயர், போட்ட வருடம், எத்தனை வருடம் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும். பெயின்ட் 5 வருடம். தண்ணீர் ஹீட்டர் சுமார் 10 வருடம். விலையை அது இன்னும் தாங்கும் வருடத்தால் வகுத்து, அந்தந்த வருடப் பங்கை வாடகையிலிருந்து எடுத்து வைத்துவிடுவேன். வீட்டு மதிப்பில் வருடத்துக்கு 1 சதவீதம் பழுதுக்கு ஒதுக்கச் சொல்லுவார்கள். பழைய கட்டடத்துக்கு அது போதாது என்பது என் அனுபவம். இதற்கு மேல் ஆறு மாதத் தவணைப் பணம் தனியாக இருக்கிறது. வாங்கும்போதே அதை ஒதுக்க முடியாது என்றால் அந்த வீடு உங்களுக்கு இன்னும் எட்டவில்லை என்றே நினைக்கிறேன். அண்ணன் மகளிடமும் அதைத்தான் சொன்னேன். தண்ணீர், மின்சாரம் என்றால் அன்றைக்கே ஆள் அனுப்புகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரத்துக்குள்.

இதெல்லாம் வேண்டாம், வாடகை வருமானம் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு ரீட் (REIT) என்ற வழி இருக்கிறது. பலருடைய பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்கி வாடகையைப் பிரித்துத் தரும் நிறுவனங்கள் அவை. அமெரிக்காவில் 1960-ல் சட்டம் போட்டு ஆரம்பித்தார்கள், இப்போது பல நாடுகளில் உண்டு. குழாய் கசிந்தால் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். எனக்கோ அப்படிக் கூப்பிடுவது பிடித்திருக்கிறது.

நேற்று மாலை குடியிருக்கும் அம்மா போன் செய்தார். இது அவர்களுக்கு ஐந்தாவது வருடம். "ஹீட்டர்ல தண்ணி சூடாக ரொம்ப நேரம் ஆகுதுங்க, அவசரமில்ல" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஹீட்டருக்கு 9 வயது, அதற்கு எதிரே ஒதுக்கிய பணம் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. புதியதே போட்டுவிடலாம் என்று சொல்லி, எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆள் போகிறார். அண்ணன் மகளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். அவளும் ஒரு நோட்டு வாங்கிவிட்டாளாம்.